கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

ஏரலுக்கும் கொற்கைக்கும் இடையே தாமிரபரணித் தண்ணீர் பாயும் வாழைக்காடு. 2024 மார்கழியில் ஒருநாள், பொழுது சாயும் நேரம். மாட்டுக்கு அறுத்த புல்லைக் கட்டாகக் கட்டித் தலையில் தூக்கி வைக்கக் குனிந்த பெண்ணின் இடது கணுக்காலில் சுருக்கென்று ஏதோ தைத்தது. முள் என்றுதான் முதலில் நினைத்தார். பக்கத்தில் கிடந்த வாழைச் சருகுக்குள் இருந்து, குக்கரில் ஆவி வெளியேறுவது போல நீளமாக ஒரு சீறல் கேட்டது. அதன் பிறகுதான் விஷயம் புரிந்தது. பாம்பு கண்ணில் படவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த கணவர், தோளில் கிடந்த துண்டை எடுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டப் போனார். பைக்கை எடுத்து, பக்கத்து ஊரில் பார்வை பார்க்கும் பெரியவரிடம் மனைவியைக் கூட்டிக்கொண்டு போவது அவர் திட்டம். அரசு மருத்துவமனை ஒன்றும் எட்டாத தூரத்தில் இல்லை. ஆனாலும் அவருக்கு அங்கே போக மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய தம்பி பாம்பு கடித்து இறந்தார். கோடைப் புழுக்கத்தில் மோட்டார் அறையில் பாய் விரித்துப் படுத்திருந்தவர், நள்ளிரவு தாண்டி வயிற்றுவலி என்று எழுந்தார். பாயின் ஓரத்தில் கறுப்பாக, வெள்ளை வளையங்களோடு ஒரு பாம்பு நெளிந்து போனதைப் பார்த்தார். கடித்த தடம் எதுவும் தெரியவில்லை. வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. டவுனில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நன்றாக உறைந்தது. "ரத்தத்தில் விஷம் ஏறலை, பயப்படாதீங்க" என்று ஒரு டிடி ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். விடியும்போது அவருக்குக் கண் இமை தூக்க முடியாமல் சரிந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத அசதி, தூங்கட்டும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். காபி கொடுக்கப் போனபோது விழுங்க முடியவில்லை. வண்டி வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

"ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்துப் பார்த்துமா செத்தான்?" என்பதுதான் அண்ணன் மனதில் அன்றைக்கு விழுந்த கேள்வி. அன்றிலிருந்து பாம்புக்கடி என்றால் ஆஸ்பத்திரி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை.

அவர் பைக்கை உதைத்தபோது குறுக்கே வந்து நின்றவர், அந்தத் தம்பியின் மனைவி. "அத்தான், அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனதால அவுக சாகலை. சீக்கிரமா வீட்டுக்கு வந்ததாலதான் செத்தாக. அக்காவை எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க, 108 வருது" என்றார். கணவன் இறந்த பிறகு கிராம சுகாதாரச் செவிலியரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அவர் தெரிந்துகொண்ட விஷயம் அது. துண்டை அவிழ்த்து எறிந்தார். கால் கொலுசையும் மெட்டியையும் கழற்றினார். கால் அசையாதபடி இரண்டு மட்டைகளை வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டினார். மணி என்ன என்று பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்.

தயிர் உறைவது போல

மருத்துவமனையில் பாம்பு எது என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. கையில் ஊசி குத்தி, இரண்டு மில்லி அளவுக்கு ரத்தம் எடுத்து, சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, குழாயை நிமிர்த்தி நிறுத்தினார் செவிலியர். கணவர் அதைத் தொட்டுப் பார்க்கப் போனார். "அண்ணாச்சி, அதை ஆட்டாதீங்க. இருபது நிமிஷம் அப்படியே இருக்கணும்" என்றார்.

இந்தப் பரிசோதனைக்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், பெரிய ஆய்வகமும் வேண்டாம். நல்ல ரத்தத்தைக் கண்ணாடியில் விட்டு அசைக்காமல் வைத்தால், உறை ஊற்றிய பால் தயிராவது போல அது கட்டியாகிவிடும். குழாயைச் சாய்த்தாலும் ஓடாது. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால், அவற்றின் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் பொருள்களைத் தின்றுவிடுகிறது. இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால் ரத்தம் தண்ணீராக ஓடும். பாம்பைப் பிடித்துக்கொண்டு வராமலேயே, அடித்துக் கொன்று சாக்கில் போட்டுக் கொண்டுவராமலேயே, கடித்தது விரியன் வகை என்று மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.

எளிய சோதனை என்பதால் எப்படிச் செய்தாலும் சரியாகிவிடாது. குழாய் கண்ணாடியாகவே இருக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் விட்டால் நல்ல ரத்தமும் உறையாமல் நின்று ஏமாற்றும். சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயும் அப்படித்தான். பத்து நிமிடத்தில் அவசரப்பட்டுச் சாய்த்தாலும் தப்பான முடிவு வரும். மண் பரிசோதனைக்கு வரப்போரத்து மண்ணையும் எருக்குழி மண்ணையும் எடுத்துக் கொடுத்தால் ஆய்வகம் என்ன செய்யும்? ரத்தத்துக்கும் அதே கதைதான்.

இருபது நிமிடம் முடிந்தது. குழாயைச் சாய்த்தார்கள். அந்தப் பெண்ணின் ரத்தம் கொஞ்சமும் கட்டியாகாமல் குழாயின் விளிம்புவரை ஓடி வந்தது. சற்று நேரத்தில் பல் ஈறிலும் ரத்தம் கசிந்தது. கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. உடனே பாம்பு விஷமுறிவு மருந்தை ஏற்றத் தொடங்கினார்கள்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு குழாய். ஏன் ஆறு மணி நேரம்? மருந்து விஷத்தை முறித்தாலும், தின்று தீர்ந்துபோன உறையும் பொருள்களைக் கல்லீரல் புதிதாகச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். அதற்கு முன்பே பார்த்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்லக் கூடாது. இரண்டாவது குழாயிலும் ரத்தம் முழுதாக உறையவில்லை. மறுபடி மருந்து ஏற்றினார்கள். மூன்றாவது குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கட்டியாக அசையாமல் நின்றது. விடியப் போகும் நேரம். கணவர் அந்தக் குழாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு ஆபத்து முடிந்துவிடவில்லை. கண்ணாடி விரியன் விஷம் சிறுநீரகத்தையும் பிடிக்கும். எவ்வளவு சிறுநீர் போகிறது, என்ன நிறம் என்று இரண்டு நாள் அளந்து பார்த்த பிறகுதான் மருத்துவர் நம்பிக்கை சொன்னார்.

தம்பி விஷயத்தில் நடந்த தப்பு

தம்பியைக் கடித்தது கட்டுவிரியனாகத்தான் இருக்க வேண்டும். ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த வலியே தெரியாது, வயிற்றுவலியில் ஆரம்பிக்கும். எல்லாம் அதன் குணம்தான். கட்டுவிரியன் விஷமும் நல்ல பாம்பு விஷமும் நரம்பைத்தான் தாக்கும். ரத்தத்தை ஒன்றும் செய்யாது. இருபது நிமிடக் குழாயில் ரத்தம் அழகாக உறையும். அதைப் பார்த்துவிட்டு விஷம் இல்லை என்று சொன்னால் அது குழாயின் குற்றமாகாது. பார்த்தவரின் குற்றம்.

விரியன் கடியிலும்கூட விஷம் மெல்ல ஏறும்போது முதல் குழாய் நன்றாக உறைந்து, மூன்றாவது மணி நேரத்தில் எடுக்கும் குழாய் தண்ணீராக ஓடலாம். அதனால்தான் மத்திய சுகாதார அமைச்சகத்தின் சிகிச்சை நெறிமுறை, முதல் சோதனை நன்றாக இருந்தாலும் மூன்று மணி நேரம்வரை மணிக்கு ஒரு தடவையும், அதன் பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் மறுபடி பார்க்கச் சொல்கிறது. கடிபட்டவரை 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கச் சொல்கிறது. கண் இமை சரிகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இமை சரிவதைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்த வீடுகள் பல. மருந்தும், தேவைப்பட்டால் மூச்சு கொடுக்கும் இயந்திரமும் உரிய நேரத்தில் கிடைத்தால் கட்டுவிரியன் கடித்தவரும் பிழைத்து எழுந்து நடந்துவிடுவார்.

ஆகவே யாராவது ஒரே ஒரு சோதனையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னால், போகக் கூடாது. "நாளைக்கு இந்நேரம்வரை இங்கேயே இருந்துட்டுப் போறோம்" என்று சொல்லும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

மந்திரம் பலிப்பது எப்படி?

பார்வை பார்ப்பவரிடம் போனவர்கள் பலரும் பிழைத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இதே மண்ணில் இருக்கிறது.

இன்றைக்கு வயல்களுக்கு நடுவே இருக்கும் கொற்கை, ஒரு காலத்தில் பாண்டியரின் முத்துத் துறைமுகம். கடல் விலகி, ஆறு மண்ணைக் கொண்டுவந்து சேர்த்து, துறைமுகம் காயலுக்குப் போனது. பிறகு தூத்துக்குடிக்குப் போனது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பவர்களைச் சுறா கடிக்காமல் இருக்க மந்திரம் போடுகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. பகலில் போட்ட மந்திரத்தை ராத்திரி அவிழ்த்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரர் காலத்திலும் தூத்துக்குடி முத்துக்குளிப்பில் 'கடல்கட்டி' என்று அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. கடல்கட்டியும் போய்விட்டார்.

சுறா எல்லா நாளும் கடிப்பதில்லை. கடிக்காத நாளெல்லாம் மந்திரத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. பாம்புக்கடியிலும் அதே கணக்குதான். இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பாம்பு வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு மனிதனைக் கொல்லும் விஷம் கிடையாது. சாரை கடித்திருக்கும், தண்ணீர்ப் பாம்பு கடித்திருக்கும். விஷப் பாம்பே கடித்தாலும் சில நேரம் விஷத்தை இறக்காமல் வெறும் பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போகும். இவர்கள் எல்லாரும் எதுவும் செய்யாமலே பிழைத்திருப்பார்கள். பச்சிலையும் பார்வையும் பெயர் வாங்கிக்கொள்கின்றன. உண்மையாகவே விஷம் ஏறியவருக்கோ, அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரிலிருந்து கழிகிறது.

கடலோரத்துக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. வலையில் சிக்கும் கடல் பாம்புக்கும் கடுமையான விஷம் உண்டு. கடித்தால் உடம்பெல்லாம் தசைவலியும், சிறுநீர் கறுத்துப் போவதும் வரும். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும்தான். கடல் பாம்புக்கு அதில் முறிவு இல்லை. ஆனாலும் மருத்துவமனையில் மூச்சையும் சிறுநீரகத்தையும் காப்பாற்ற வழி இருக்கிறது. எனவே படகில் வந்த கடி என்றாலும் கரை சேர்ந்ததும் போக வேண்டிய இடம் அதுதான்.

மருந்து எங்கிருந்து வருகிறது?

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள், அந்தத் தொழில் சட்டப்படி நின்றபோது, பாம்பைக் கொல்லாமல் விஷத்தை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி காட்டில் விடும் தொழிலுக்கு மாறினார்கள். அந்த விஷத்தை மருந்து நிறுவனங்கள் வாங்கி, குதிரைக்குச் சிறுகச் சிறுகச் செலுத்துகின்றன. குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துத்தான் மருந்தாக்குகிறார்கள். 2023இல் இருளர் இனத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

குதிரை ரத்தத்திலிருந்து வருவதால் சிலருக்கு இந்த மருந்து ஒவ்வாமல் போகும். உடம்பு தடித்து, மூச்சு முட்டும். அதைச் சமாளிக்கும் மருந்தும் ஆளும் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஊசி போடுவதற்கான மருந்து இல்லை இது. இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரியாது. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே! "பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு மருந்து?" என்று பெற்றவர்கள் தடுக்கக் கூடாது.

அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. தமிழகத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மருந்து வைக்க ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையத்தில் மருந்து இருக்கிறதா, ராத்திரியில் யார் இருப்பார்கள் என்று சாதாரண நாளில் ஒருதடவை கேட்டுத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கணக்கில் வராத சாவுகள்

2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்பது வீடு வீடாக விசாரித்துச் செய்த பெரிய ஆய்வொன்றின் மதிப்பீடு. மருத்துவமனை ஏடுகளில் இருக்கும் எண்ணிக்கை இதில் சிறு பங்குதான். பெரும்பாலானவர்கள் வீட்டிலும் வழியிலும் பார்வை பார்ப்பவர் திண்ணையிலும் இறந்தவர்கள். கணக்கில் வராத சாவுக்கு மருந்து ஒதுக்கீடும் வராது.

இதை மாற்றத்தான் 2024 நவம்பரில் தமிழக அரசு, பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகப் பட்டியலில் சேர்த்தது. இனி அரசு மருத்துவமனை மட்டும் இல்லை, தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு பாம்புக்கடியையும், அதனால் வரும் சாவையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். எந்த வட்டாரத்தில், எந்த மாதத்தில், எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் அங்கே எத்தனை பாட்டில் மருந்து வேண்டும், எங்கே மூச்சு இயந்திரம் வேண்டும் என்று திட்டமிட முடியும். பாம்புக்கடிச் சாவுகளை 2030க்குள் பாதியாகக் குறைப்பது மத்திய அரசின் 2024ஆம் ஆண்டுச் செயல்திட்டத்தின் இலக்கு.

வயலில் செய்ய வேண்டியது

கடிபட்டால்: பதறி ஓடக் கூடாது. கால், கையை அசைக்காமல் வைக்க வேண்டும். மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல்களைக் கழற்றிவிட வேண்டும். இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, பச்சிலை அரைத்துப் பூசுவது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடிக்கப் போனால் இரண்டாவது ஆளும் கடிபடுவார். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும்.

கடிபடாமல் இருக்க: இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச், கம்பு, முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் மூன்றும் வேண்டும். வாழைச் சருகையும் பனை ஓலையையும் விறகையும் வீட்டுச் சுவரோரம் குவிக்கக் கூடாது. எடுக்கும்போது வெறும் கையை விடாமல் முதலில் கம்பால் புரட்ட வேண்டும். தேரிக்காட்டிலும் கரட்டு நிலத்திலும் சுருட்டை விரியன் சிறிதாக, மண் நிறத்தில் கிடக்கும். சின்னப் பாம்புதானே என்று அலட்சியம் கூடாது. உளுந்து, நெல் மூட்டை இருக்கும் அறையில் எலி சேர்ந்தால் பின்னாலேயே பாம்பு வரும். எலியைக் கட்டுப்படுத்துவதில் மகசூலும் மிஞ்சும், உயிரும் மிஞ்சும். மோட்டார் அறையில் படுப்பவர்கள் கட்டில் போட்டு, கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிக்கொண்டு படுத்தால் கட்டுவிரியன் உள்ளே வராது.

ஏரல் பக்கத்து அந்த மோட்டார் அறையில் இப்போது ஒரு கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. கடிபட்ட பெண் ஐந்தாம் நாள் வீடு திரும்பினார். கால் வீக்கம் முழுதாக வடிய ஒரு மாதம் ஆனது. இப்போது பழையபடி புல் அறுக்கப் போகிறார், பூட்ஸ் போட்டுக்கொண்டு.

மருத்துவமனையில் கொடுத்த சீட்டில் பாம்புக்கடி என்று எழுதி, எத்தனை பாட்டில் மருந்து ஏறியது, எந்த மணிக்கு ரத்தம் உறைந்தது என்பது வரை குறித்திருந்தார்கள். பட்டா வைத்திருக்கும் டிரங்குப் பெட்டியில் அதையும் பத்திரமாக வைக்கப் போனார் கணவர். தம்பி மனைவி அதை வாங்கி ஒருதடவை படித்துப் பார்த்தார்.

"அவுக செத்ததுக்கு நம்மகிட்ட ஒரு தாளும் இல்லையே அத்தான்" என்றார். "வயித்துவலின்னுதான் எழுதினாக."

அவர் பதில் சொல்லவில்லை. சீட்டை மடித்து, தம்பியின் பழைய ரேஷன் கார்டுக்குள் வைத்துப் பெட்டியை மூடினார்.